முருங்கையிலைப் பொதிக்குள் கிடந்த ரோல்ஸ் பற்றி, என் அப்பாவாகிய மகனுக்கு

மரண அறிவித்தல். அஜின்கோர்ட் சாப்பாட்டுக் கடையொன்றைப் பிறப்பிடமாகவும், டோர்செட் பார்க் ஒன்பதாம் மாடியில் எங்கள் வீட்டு ஃபிரீசரை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர்கள் மட்டன் ரோல்ஸ் அவர்கள் நேற்றுக் காலை குப்பைக் குழாய் வழியாகச் சடுதியாக இறைபதம் எய்தினார்கள். அன்னார்கள் காலஞ்சென்ற கொத்து ரொட்டியின் பாசமிகு சகோதரர்களும், பற்றிஸின் அன்பு மைத்துனர்களும், என் அப்பாவின் ஆருயிர் நண்பர்களும் ஆவர். பார்வைக்கு வைக்கப்படமாட்டார்கள். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், குறிப்பாக அப்பா, ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தகவல்: மகன்.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கத்தான் போடுகிறேன். லண்டன் சித்தப்பாவும் பாரிஸ் மாமியும் சாட்சி. நேற்று அந்தப் பொதியை நான் குழாய்க்குள் தள்ளிவிட்டுத் திரும்பியபோது, குசினி வாசலில் நின்று நீங்கள் கேட்டீர்கள்: "நீ என்ன, எனக்குத் தேப்பனோ?" பதினேழு வயதில் இப்படியொரு தகப்பன் பதவி எனக்குக் கிடைக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. நேர்முகத் தேர்வு இல்லை, அனுபவம் கேட்கவில்லை, கேட்ட கையோடு வேலை. ஆகவே பதவியை ஏற்றுக்கொண்டு, ஒரு தகப்பன் வளர்ந்த மகனுக்கு எழுதவேண்டிய கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன். செப்ரெம்பரில் நான் யூனிவர்சிற்றிக்குப் போய்விடுவேன். அதன் பிறகு உங்கள் ஃபிரீசரைத் திறந்து பார்க்க வீட்டில் ஆள் இருக்காது. அன்பு மகனே, கவனமாக வாசியுங்கள். (மகனே என்று எழுதிவிட்டேன், ஆனால் 'நீ' என்று எழுத கை வரவில்லை. பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் உங்கள் உத்தியோகத்தைப் பற்றி. நான் பிறக்கும் முன்பிருந்தே யூனியன்வில்லில் ஒரு ஜப்பானிய ரெஸ்ரோரன்டில் நீங்கள் சமையல்காரர். அம்மாவின் சிநேகிதிகள் உங்களைச் 'சூசி சுத்துறவர்' என்றுதான் சொல்வார்கள். சூசி சுற்றுகிறவர் முன்னால் நிற்கிற வேறு ஆள். நீங்கள் பின்குசினி. சூப்பு, அவியல், வாட்டிய மீன், ஊறுகாய், சோறு, எல்லாம் உங்கள் கையில். சாயங்காலம் கடை திறக்க முன்னர் வேலைசெய்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற சாப்பாட்டையும் நீங்கள்தான் சமைக்கிறீர்கள். அதற்கு அங்கே 'மக்கனாய்' என்று பெயராம். மகனாய்ப் பிறந்த எனக்கு அது ஒருநாளும் கிடைத்ததில்லை. அங்கே வேலைசெய்கிற ஊரார் பிள்ளைகளுக்குத் தினமும் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது கடையில் மிஞ்சிப்போய் ஈரமாகிய ரெம்புராப் பொரியல்.

சித்திரை பிறந்தால் எல்லோருக்கும் புது வருஷம். உங்களுக்கு இந்த முறை இரத்தப் பரிசோதனை. சீனி ஏறிவிட்டது என்று தை மாதமே டொக்டர் சொல்லிவிட்டார். "சாப்பாட்டை மாத்திப் பாருங்கோ. அடுத்த ரெஸ்ற்றிலயும் குறையேல்லை எண்டால் இன்சுலின் ஊசிதான்." ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள் அம்மாவின் கையைப் பிடித்தீர்கள். கொதிக்கிற எண்ணெய்க்குப் பயப்படாத கை அது. வீட்டுக்கு வந்து லிஃப்டில் ஏறினோம், இறங்கினோம், நீங்கள் நடையில் முன்னால் நடந்தீர்கள். நான் பின்னால் வந்தேன். பனிக்காலத்திலும் நீங்கள் விடாமல் போடுகிற செருப்பில் இடதுகாலுடையது லிஃப்டுக்குள்ளேயே கிடந்தது. "அப்பா, லிஃப்டுக்குக் காணிக்கையோ?" என்று பகிடி விட்டேன். நீங்கள் குனிந்து காலைப் பார்த்தீர்கள். செருப்பு இல்லாததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டீர்கள். உணர்ந்து அல்ல. சிரிக்கவில்லை. நானும் அன்றைக்குப் பிறகு அந்தப் பகிடியை யாருக்கும் சொல்லவில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்கிற மனிதருக்குக் காலில் நிலம் தெரியவில்லை என்றால், மகனே, அது பகிடி இல்லை.

அதற்குப் பிறகாவது திருந்தினீர்களா? மாசியில் ஒருநாள் நீங்கள் ஃபோனை வீட்டில் மறந்துவிட்டுப் போக, அம்மா அதை என்னிடம் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டா. நான் வந்து சேர்ந்தபோது மக்கனாய் நேரம். நீண்ட மேசை. ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு தட்டு, தட்டில் சின்னச் சின்னக் கோப்பைகள். ஒன்றில் ஒரு பிடி சோறு, ஒன்றில் சூப்பு, ஒரு துண்டு வாட்டிய கும்பளா மீன், எள்ளு அரைத்துப் பிரட்டிய கீரை, தோலோடு அவித்த பூசணி, மூன்று துண்டு முள்ளங்கி ஊறுகாய். ஓனரின் மனுசி எனக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டு, மெனுவில் இருக்கிறதெல்லாம் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு, ஜப்பானில் வீட்டில் சாப்பிடுவது இப்படித்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னா. நீங்கள் மேசையைச் சுற்றி வந்தீர்கள். சோற்றை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டிருந்த புது வெயிற்றர் பையனிடம், முதலில் கீரையைச் சாப்பிடு, ஆறுதலாக மென்று சாப்பிடு, சோற்றைக் கடைசிக்கு வை, வயிறு முட்ட முன்னம் நிறுத்து என்றெல்லாம் சொன்னீர்கள். அவன் தலையாட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

எல்லோரும் சாப்பிடத் தொடங்கியதும் நீங்கள் காணாமல் போனீர்கள். தேடி வந்தேன். பின்கதவுக்கு வெளியே, பனிக்குள், ஏப்ரனோடு நின்று, வெள்ளிப் பேப்பரில் சுற்றிய மட்டன் ரோல் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்னப்பா உது?"

"எது?"

"கையில."

"உது... சும்மா. பசிக்கு."

"உள்ளுக்கு ஒரு மேசை நிறையச் சாப்பாடு கிடக்கு. நீங்களே சமைச்சது!"

"அது வேலைச் சாப்பாடடா."

"அப்ப உது என்ன, லீவுச் சாப்பாடோ? டொக்டர் என்ன சொன்னவர்?"

"டொக்டருக்கென்ன, கதிரையில இருந்து கதைப்பார். இஞ்ச பார், காலமையில இருந்து அதைத்தான் மணக்கிறன். அவையின்ர உப்பு, அவையின்ர சீனி, அவையின்ர அளவு. இருபது வருசம் அவையின்ர வாய்க்குச் சமைச்சிட்டன். ஒரு வாய் எண்டாலும் என்ர வாய்க்கு வேணும்."

உள்ளே வந்தபோது ஓனரின் மனுசி என்னிடம் கேட்டா, வீட்டிலும் அப்பாதானே சமைப்பார், நீங்கள் எல்லாம் அதிர்ஷ்டசாலிகள் என்று. நான் பல்லைக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது? நீங்கள் எனக்கு ரோல் மொடல் என்று ஏழாம் வகுப்பில் கட்டுரை எழுதியவன் நான். மட்டன் ரோல் மொடல் என்று எழுதியிருக்கவேண்டும்.

உங்கள் வாய், உங்கள் வாய் என்று சொல்கிறீர்களே, நான் அன்றைக்கு பஸ்ஸில் கென்னடி ரோட் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். கொத்தும் ரோல்ஸும் எப்போது உங்கள் வாயாகின? வேலை முடிந்து வருகிற வழியில், மற்றக் கடைகள் பூட்டிய பிறகும் அந்த அஜின்கோர்ட் கடை திறந்திருக்கிறது. அவ்வளவுதான். எண்ணெய்க்குள் குளித்த ரொட்டியை இரண்டு தகடு கொத்துகிற சத்தம் கேட்டால் உங்கள் கார் தானாகவே இடதுபக்கம் திரும்புகிறது. உங்கள் உண்மையான வாய்க்கான சாப்பாடு எங்கள் வீட்டு அடுப்பில் இருந்தது. அம்மா வேலைக்குப் போக முன்னர் வைத்துவிட்டுப் போகிற சோறு, பாற்சொதி, கீரை, ஒரு வறை, ஒரு துண்டு மீன். அதைச் சின்னக் கோப்பைகளில் பிரித்து வையுங்கள், நீங்கள் அங்கே மேசையில் வைக்கிற அதே தட்டுத்தான். ஒரு சூப்பு, ஒரு மீன், இரண்டு மரக்கறி, கொஞ்சம் சோறு. ஜப்பான்காரன் மாசிக் கருவாட்டைச் சீவிச் சீவிச் சூப்பு வைக்கிறான், நாங்கள் மாசியை இடித்துச் சம்பல் போடுகிறோம். இரண்டு பேரும் ஒரே கடலைத்தான் கிண்டியிருக்கிறோம். அந்தச் சட்டியைத் தாண்டிப்போய் ஃபிரிட்ஜுக்குள் வெள்ளிப் பேப்பரை வைக்கிறவர் நீங்கள். அம்மாவின் கீரை அடுத்தநாள் என் லஞ்ச் பெட்டிக்குள் வரும். அதைப் பற்றி ஏன் யாரும் கோபப்படவில்லை? நான் படுகிறேன். இதோ, பட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே குசினியை நான் கைப்பற்றினேன். "அவனுக்குக் கொம்பு முளைச்சிட்டுது" என்று அம்மாவிடம் முறைப்பட்டீர்கள் அல்லவா? முளைக்கவில்லை, வாங்கினேன். கொம்பு என்பது சூப்புக்குப் போடுகிற காய்ந்த கடற்பாசி, உங்களுக்குத் தெரியாததா. சூப்பில் கரைக்கிற சோயா விழுது, மீசோ, அதுவும் வாங்கினேன். உங்கள் மீசைக்கு மீசோ பொருத்தம் என்று சொன்னபோது நீங்கள் முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம். எள்ளுக்கு அங்கே கோமா என்று பெயர். கோமாவில் விழாமல் இருக்கக் கோமா சாப்பிடுங்கோ என்றேன், அம்மா அகப்பையை ஓங்கினா. பெயரிலேயே நாற்றத்தை வைத்திருக்கிற புளித்த சோயா, நாட்டோவை மட்டும் வாங்கவில்லை. எனக்கும் மனித உரிமைகள் உண்டு.

தொடக்கத்தில் ஒரு சறுக்கல் நடந்தது, மறைக்கவில்லை. கொன்யாக்கு என்கிற ஜப்பானியக் கிழங்கு நூடுல்ஸை வாங்கி, அதில் மாச்சத்துக் கொஞ்சமும் இல்லை என்பதால், வெட்டி, முட்டை போட்டு, வெங்காயம் போட்டு, இரண்டு தோசைக்கரண்டியால் டக்கு டக்கு என்று கொத்தி, "அப்பா, கடைக் கொத்து வாங்கி வந்தனான்" என்று வெள்ளிப் பேப்பரில் சுற்றித் தந்தேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த ஏமாற்று. கீழ்வீட்டு அன்ரி சத்தம் தாங்காமல் கதவில் வந்து தட்டிய அளவுக்கு உண்மையாகக் கொத்தினேன். நீங்கள் ஒரு வாய் வைத்தீர்கள். மெல்லக்கூட இல்லை.

"கொன்யாக்கு."

"இல்லையே, கொத்து!"

"தண்ணி வடிய விடேல்லை. உதை முதல்ல வெறுஞ்சட்டியில போட்டு, கீச்செண்டு சத்தம் வரும்வரைக்கும் வறுக்கவேணும். இல்லாட்டி உந்த மணம் போகாது. உப்பும் கூட."

நான் வெடித்தேன். "அப்ப நீங்களே சமையுங்கோ! ஊருக்கெல்லாம் சமைப்பீங்கள், வீட்டுக்கெண்டால் வாயாலதான் சமைப்பீங்கள்!" என்று கத்திவிட்டு அறைக் கதவை அடித்துச் சாத்தினேன். அம்மா வெளியே நின்று, "பெடியன் ஆசையாச் செய்ததுக்கு உங்கட வெட்டுக்கொத்து வேண்டாம்" என்று உங்களைப் பேசியது கேட்டது. அன்றோடு சரி. அதற்குப் பிறகு நான் வைத்த எந்தச் சாப்பாட்டிலும் நீங்கள் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. இருபது வருஷம் ஜப்பானியச் சமையல் செய்தவர் வாயை மூடிக்கொண்டு, கோப்பையை வெறுமையாக்கிவிட்டு எழும்புகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சமையல் அவ்வளவு திறம் என்று அர்த்தம். இதை நான் பாடசாலையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். யூனிவர்சிற்றியில் அறையைப் பகிரப்போகிற பெடியனுக்கும் மெசேஜ் போட்டிருக்கிறேன், கவலைப்படாதே, நான் ஜப்பானியச் சமையற்காரப் பரம்பரை என்று.

எதிர்ப்பு உங்களிடமிருந்து மட்டுமா வந்தது? அம்மாவைச் சமாளித்தது யார்? கோப்பையில் சோறு போட்டபோது அம்மா அழாக்குறையாக நின்றா. "சோத்தை அளந்து போடுற வீடு என்ன வீடடா? ஆராவது கேள்விப்பட்டால் என்ன நினைப்பினம்?" நீங்கள் கோப்பையை வெறுமையாக்கியதும் அம்மாவின் கை தானாகவே அகப்பைக்குப் போகும். இன்னும் ஒரு அகப்பை, இன்னும் ஒரே ஒரு அகப்பை. நம் வீடுகளில் தட்டை வெறுமையாக்கினால் பசி என்று அர்த்தம், ஜப்பானில் வெறுமையாக்கினால் நன்றி என்று அர்த்தம். நீங்கள் நன்றி சொல்லச் சொல்ல அம்மா சோறு போட்டுக்கொண்டே இருந்தா. கடைசியில் நான் ரைஸ் குக்கருக்கு முன்னால் காவல் நின்றேன். பிறகு உங்கள் வேகம். குசினியில் நின்றபடி, ஓடர் வந்துகொண்டிருக்கும்போது விழுங்கிப் பழகிய வாய் வீட்டிலும் அப்படியேதான் விழுங்குகிறது. வயிற்றுக்குச் செய்தி போக முன்னர் தட்டு முடிந்துவிடுகிறது. அதனால்தான் மேசையில் இருக்கவேண்டும், ரீவியை நிறுத்தவேண்டும், சோறு கடைசி என்று சட்டம் போட்டேன். இவற்றில் ஒன்றுகூட என் கண்டுபிடிப்பு இல்லை. எல்லாமே நீங்கள் அந்த வெயிற்றர் பையனுக்குச் சொன்னவை. உங்கள் வாயால் சொன்னதை உங்கள் வாய் கேட்கவேண்டும் என்பதைத் தவிர நான் வேறெதையும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, நேற்று, கீரைக்குப் பதிலாக முருங்கையிலையை எள்ளோடு பிரட்டிப் பார்ப்போம் என்று ஃபிரீசரைத் திறந்தேன். 'முருங்கையிலை' என்று அம்மாவின் கையெழுத்து இருந்த பொதி கல்லுப் போலக் கனத்தது. முருங்கையிலைக்கு எப்போது எலும்பு முளைத்தது என்று அவிழ்த்துப் பார்த்தால், அடியில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், திருவாளர்கள். இலையை மேலே தூவிப் போர்வை போர்த்தியிருக்கிறீர்கள்! ஒளித்து வைப்பது என் வேலை, மகனே. இந்த வீட்டில் குறும்பு என்னுடைய இலாகா. அதற்குள் நீங்கள் கை வைக்கலாமா? பரிசோதனைக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கும்போது? ஊசி உங்களுக்கு. ஆனால் அந்த ஊசியை உங்களுக்குக் குத்தப்போவது யார்? கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிற நீங்களா? நான்தான். செப்ரெம்பருக்குப் பிறகு அதுவும் இல்லை. அங்கே போய்ப் படிக்காமல், இப்போது அப்பாவின் காலில் நிலம் தெரிகிறதா, செருப்பு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு இருக்கப்போகிறவனும் நான்தான். இதற்காகத்தான் எறிந்தேன். இன்னும் பத்துப் பொதி இருந்தாலும் எறிவேன். தகப்பன் என்ற முறையில் என் இறுதி முடிவு இது.

இந்த வசனத்தை எழுதி முடித்ததும் பசித்தது. நீங்கள் வேலையில். அம்மா முதியோர் இல்லத்தில் பின்னேர ஷிஃப்ட். சீரியல் பெட்டி வெறுமை. அடுப்பில் நேற்று நான் வைத்த சூப்பு மிச்சம் இருந்தது. சூடாக்கி, கோப்பையில் ஊற்றி, எழுதிய சட்டங்களின்படியே மேசையில் இருந்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு வாய் குடித்தேன்.

குசினித் தொட்டிக்குத்தான் ஓடினேன். கடல். அதுவும் கப்பல் ஓடி எண்ணெய் சிந்திய கடல். அடிநாக்கில் ஒரு கசப்பு, அதற்குப் பின்னால் உப்பு, அதற்குப் பின்னால் இன்னும் உப்பு. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அம்மாவுக்கு எடுத்தேன்.

"அம்மா, நேற்றையான் சூப்பு பழுதாப்போச்சு."

"என்ன செய்யுது?"

"உப்பு. கசக்குது. குடிக்கேலாது."

"பழுதாகேல்லையடா," என்றா. "அது எப்பவும் உப்பிடித்தான்."

"எப்பவுமோ?"

"நீ உந்தக் கொம்பைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க விடுறாய். கொதிக்க முன்னம் எடுக்கவேணுமாம். மீசோவையும் அடுப்பை நிப்பாட்டிப்போட்டுத்தானாம் கரைக்கிறது. அப்பா எனக்குச் சொன்னவர்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அண்டைக்கு நீ கத்தினதுக்குப் பிறகு சொல்லுவாரே? 'பெடியன் முதன்முதலாச் சமைக்கிறான், ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது' எண்டு எனக்கும் ஓடர். குடிச்சு முடிச்சு, கோப்பைக்குள்ள சுடுதண்ணி விட்டு அலசி, அதையும் குடிச்சிட்டுத்தான் எழும்புவார். வேலை செய்யிற இடம் முழுக்க என்ர மகன் சமைக்கிறான் எண்டு சொல்லித் திரியிறாராம். சரி, பெல் அடிக்கினம், வைக்கிறன்."

லண்டன் சித்தப்பா, பாரிஸ் மாமி, நீங்கள் இருவரும் இதற்குக் கீழே வாசிக்காமல் விட்டால் பெரிய உதவி.

அப்பா, உங்களுக்குச் சூப்பை ஊற்றித் தந்துவிட்டு நான் என் அறைக்குப் போய்ச் சாப்பிட்டது சீரியல். ஒவ்வொரு நாளும். தேன் பூசியது. இத்தனை நாளில் நான் சமைத்ததை நான் ஒரு வாய்கூடச் சுவைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கடற்பாசி மணமே பிடிக்காது. நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், நீங்கள்தான் ஒன்றும் சொல்லவில்லையே. டொக்டர் சீனியோடு உப்பையும் குறைக்கச் சொன்னவர் என்பதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்தச் சூப்பைக் குடித்துவிட்டு மனிதருக்கு வாய்க்கு ஏதாவது தேவைப்பட்டிருக்கும் என்பதும் இப்போது விளங்குகிறது. ஆனாலும் எறிந்தது சரி என்றுதான் சொல்வேன், குரலை மட்டும் கொஞ்சம் குறைத்து.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு. பின்குசினியில் வைக்கிற மாதிரி ஒரு சூப்பு வைக்க எனக்குக் காட்டித் தாருங்கோ. அம்மாவின் சொதியையும் பக்கத்து அடுப்பில் வைப்போம், எது உங்கள் வாய் என்று நீங்களே பாருங்கோ. பக்கத்தில் நின்று பிழை பிழையாகச் சொல்லுங்கோ. முதல் வாயை நான் குடிக்கிறேன்.